கழட்டாத மாலை

ஜனவரி 18, வியாழன்

மலைக்குப் போயிட்டு வந்தாச்சு. விடிஞ்சும் விடியாம வேன் பிள்ளையார் கோயில் வாசல்ல நின்னுச்சு. குருசாமி ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, மாலையைக் கழட்டி பித்தளைத் தட்டுல போட்டார். குருசாமின்னா அழகுராஜா அண்ணன், ரிட்டையர்டு கண்டக்டர். இப்பவும் 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னுதான் எங்களை வரிசையில நிறுத்துவார். என் கூட்டாளி பாண்டித்துரை மாலையைக் கழட்டுன கையோட போனை எடுத்துட்டான். எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? வேன்லயே பிளான் போட்டாய்ங்க. விரதம் முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் எங்க ஏரியா சாமிமார்ல பாதிப் பேரு ஒயின்ஷாப் வாசல்லதான் நிப்பாய்ங்க. வருசா வருசம் நானும் நின்னவன்தான். அதுவும் முன்வரிசையில.

என் முறை வந்துச்சு. "குனிங்க சாமி"ன்னார் குருசாமி.

நான் குனியலை. ரெண்டு கையாலயும் மாலையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். "வேணாம் சாமி. இருக்கட்டும்."

"என்ன, வேண்டுதலா?"

"ஆமா சாமி."

பொய்தான். வேண்டுதலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இதைக் கழட்டுனா குடிச்சிருவேன், அம்புட்டுதான் விஷயம். கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டதுல இருந்து ஒரு சொட்டு நாக்குல படலை. வருசத்துல இந்த ஒரு மண்டலம்தான் நான் மனுசன். அதைக் கழட்டித் தட்டுல போடச் சொன்னா எப்படி?

வீட்டுக்கு வந்தேன். இந்திராணி வாசல்ல நின்னா. அவளுக்குப் பின்னாடி துணிப்பை கட்டி ரெடியா இருந்துச்சு. மக அபிநயா ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு செருப்பு மாட்டி நின்னுச்சு. ரெண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கலை, கழுத்தைத்தான் பார்த்தாங்க. இந்திராணி பையை எடுத்துட்டுப் போயி துணியைத் திரும்ப பீரோவுல அடுக்குனா. உசிலம்பட்டிக்கு, அவ தம்பி வீட்டுக்குக் கிளம்பியிருப்பா போல. மலையில இருந்து நான் வர்ற அன்னைக்கே அவளுக்கு அங்க என்ன சோலின்னு தெரியலை. நானும் கேக்கலை.

இந்த நோட்டு ஜெபசீலி மேடம் குடுத்தது. மறுவாழ்வு மையத்துல கவுன்சிலிங் பண்றவங்க. ஆடி மாசம் அங்க இருந்து வெளிய வர்றப்ப, "குடிக்கணும்னு தோணுறதுக்கு முந்தி மனசுல என்ன ஓடுச்சுன்னு எழுதுங்க"ன்னு சொல்லிக் குடுத்தாங்க. அந்த வாரமே குடிச்சேன். மனசுல ஓடுனதை எழுதணும்னா முதல்ல கை நேரா நிக்கணும்ல. இன்னைக்கு நிக்குது, எழுதுறேன்.

ஜனவரி 24, புதன்

காலையில பச்சைத்தண்ணிக் குளியல், சரணம், கருப்பு வேட்டி, செருப்பு இல்லாம கடைக்கு நடை. காதர் பாயோட மோட்டார் வைண்டிங் கடையில வேலை பார்க்கிறேன். கரிஞ்சு வர்ற மோட்டாரைப் பிரிச்சு, பழைய காயிலைப் பிச்செடுத்து, புதுக் கம்பி சுத்தி, வார்னிஷ் ஊத்திக் குடுக்கணும். கை சுத்தமா இருந்தா நல்ல வேலை. போன வருசம் நான் சுத்துன மோட்டாரு பாதி திரும்பி வந்துச்சு. இந்த ரெண்டு மாசமா ஒண்ணும் வரலை.

பாய் எனக்குன்னு தனி டம்ளர் வச்சிருக்கார், சாமிக்குன்னு. மாலை போட்டா மருவாதை எங்கெங்கயோ இருந்து வருது. டீக்கடைக்காரன் "சாமி"ங்கிறான். போலீஸ்காரன் "சாமி, ஓரமா போங்க"ங்கிறான். போன வருசம் அதே போலீஸ்காரன் என்னைக் கூப்பிட்ட பேரை இங்க எழுத முடியாது. நானும் இந்திராணியை 'வாங்க, போங்க'ன்னுதான் பேசுறேன். மத்த நாள்ல எப்படிப் பேசுவேன்னு அவகிட்டதான் கேக்கணும்.

அபி சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காந்துச்சு. "சாமி, எங்க ஸ்கூல்ல ஆண்டு விழா. நான் கும்மி ஆடுறேன். வர்றீங்களா?"

எனக்கு ஒரே சந்தோசம். எட்டாப்பு வரைக்கும் ஒரு தடவைகூட ஸ்கூலுக்கு வான்னு கூப்பிட்டது இல்ல. "வர்றேன் தாயி"ன்னேன்.

"மாலையோட வருவீங்கள்ல?"

"பின்ன?"

"சரி"ன்னுட்டு ஓடிருச்சு. பிள்ளைக்கு ரொம்ப பக்தி.

ஜனவரி 31, புதன்

மேடத்தைப் பார்க்கப் போனேன். மாலையைப் பார்த்துட்டு, "இன்னும் கழட்டலையா?"ன்னாங்க. அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, அவங்களுக்கு என்ன தெரியும்னு நினைச்சேன். ஆனா அவங்க தம்பியே ரெண்டு தடவை வார்டுல இருந்தவன்னு அங்க சொல்லுவாய்ங்க. அதனால வாயை மூடிக்கிட்டேன்.

"மாலையோட ஒயின்ஷாப் வழியா போனா என்ன தோணும்?"

"ஒண்ணும் தோணாது. சாமிக்கு எதுக்குங்க அது?"

"மாலை இல்லாம போனா?"

"எப்படியும் இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குக் குடிக்கத்தான் போறோம், இப்பவே குடிச்சா என்னன்னு தோணும்."

மேடம் பேனாவைக் கீழ வச்சாங்க. "அந்த 'எப்படியும்' இருக்குல்ல சோணைமுத்து, அதுதான் முதல் டம்ளர். சாராயம் ரெண்டாவது டம்ளர்தான். அந்தச் சொல்லு எப்ப எப்ப வருதுன்னு பாருங்க."

படிச்சவங்க எதையாச்சும் இப்படித்தான் அழகாப் பேசுவாங்கன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

அந்தச் சொல்லு நல்லாத் தொத்திக்கிச்சு. எங்க பார்த்தாலும் அதுதான் காதுல விழுது. காலையில இந்திராணி பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தா. "எப்படியும் ஒருநாள் கழட்டித்தானக்கா ஆகணும். அதுவரைக்கும் நிம்மதியா இருந்துட்டுப் போறோம்."

மனசு சுருக்குன்னுச்சு. எதுக்குச் சுருக்குன்னணும், அவ சொன்னதுல என்ன தப்பு?

பிப்ரவரி 7, புதன்

இந்திராணி வீட்டுக்குத் தூரம். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில இருக்கா. மாலை போட்ட வீட்ல அப்படித்தான். ஒரு மண்டலம்னா ஒண்ணு ரெண்டு தடவையோட முடிஞ்சுரும், மத்த சாமிமார் வீட்ல தை பிறந்ததும் பொம்பளைங்க இறங்கி வந்துருவாங்க. இவளுக்கு மட்டும் இழுத்துக்கிட்டே போகுது. அங்க ஃபேன் கிடையாது.

நான்தான் சமைச்சேன். சோறு அடிப்பிடிச்சுருச்சு. அபி அதையே சாப்பிட்டுச்சு. படிக்கட்டுல தட்டை வச்சுட்டு வந்தேன், இந்திராணி வந்து எடுத்துக்கிட்டா. "இடுப்பு வலிக்குதா?"ன்னு கீழ இருந்தே கேட்டேன். "இல்ல சாமி"ன்னா.

நானா அவளை மேல அனுப்புனேன், ஐதீகம் அப்படி.

பிப்ரவரி 12, திங்கள்

இன்னைக்கு ஆசை வரலை. ஆனாலும் நாலஞ்சு தடவை மாலையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

ஆண்டு விழாவுக்குப் போனேன். கருப்பு வேட்டியும் தாடியுமா முன்னாடி சேர்ல உக்காந்தேன். அபி மேடையில இருந்து என்னையே பார்த்து ஆடுச்சு. முடிஞ்சதும் கூட்டாளிப் பிள்ளைக நாலஞ்சைக் கூட்டிட்டு வந்து, "இதுதான் எங்கப்பா"ன்னு சொல்லுச்சு. வீட்ல சாமின்னுதான் கூப்பிடும். வெளியில அப்பான்னு சொல்லிக் கேட்டதும் சேரை விட்டு எந்திரிச்சு நின்னுட்டேன்.

தண்ணி பாட்டிலை நீட்டும்போது முழங்கையில அந்தத் தழும்பு தெரிஞ்சுச்சு. போன வருசம் தையில படியில விழுந்தது. ஒரு பிள்ளை அதைப் பார்த்துட்டு என்னதுன்னு கேட்டதுக்கு, அபியும் "படியில விழுந்தேன்"னுதான் சொல்லுச்சு. என்னைப் பார்த்துக்கிட்டே சொல்லுச்சு.

பிப்ரவரி 21, புதன்

இன்னைக்கு உசிரே போயிருக்கும்.

ஒரு பழைய சப்மெர்சிபிள் மோட்டாரு. கரிஞ்ச காயில் வராம மல்லுக்கட்டி இழுத்தேன். கம்பி மாலையில மாட்டி நூல் அறுந்துருச்சு. மணி பூராம் கடைக்குள்ள சிதறி ஓடுது. நான் அப்படியே நிக்கிறேன். கையும் ஓடலை, காலும் ஓடலை. காதர் பாய்தான் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, டேபிளுக்கு அடியில குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்குனார். அவரு வயசுக்கு அவரு பொறுக்குறார், நான் மரம் மாதிரி நிக்கிறேன்.

பொறுக்கி முடிக்கிறதுக்குள்ள நான் ரோட்ல இருந்தேன். எப்ப இறங்குனேன்னு தெரியலை. டீ குடிக்கலாம்னுதான் போனேன். டீக்கடை அந்தப் பக்கம் கிடையாது, வேற கடைதான் அந்தப் பக்கம் இருக்கு. மனசுல என்ன ஓடுச்சுன்னு எழுதச் சொன்னாங்கள்ல, எழுதுறேன். 'அறுந்துருச்சு. நானா கழட்டலை. எப்படியும் இது நடக்கும்னு தெரியும்.' ஒரு மாதிரி சந்தோசமா இருந்துச்சு. அதை எழுதவே கேவலமா இருக்கு.

"சோணை!"ன்னு பின்னாடி சத்தம். பாய் ஓடி வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். வைண்டிங் கட்டுற நூலை எடுத்து அவரே கோத்தார். கோத்து என் கையில குடுத்துட்டு, "ஏன்யா, நான் பொறந்ததுல இருந்து குடிக்கலை. என் கழுத்துல என்ன இருக்கு?"ன்னு கேட்டார்.

கோபம்தான் வந்துச்சு. உங்களுக்கென்ன பாய், நீங்க நல்ல மனுசன், நான் அப்படியான்னு கத்தணும்போல இருந்துச்சு. மாலையைப் போட்டதும் கோபம் போயிருச்சு.

மார்ச் 2, சனி

அபி பெரிய மனுசி ஆயிருச்சு.

கடையில இருக்கும்போது இந்திராணி போன் பண்ணுனா. குரல் சிரிக்கிற மாதிரியும் இருந்துச்சு, அழுகுற மாதிரியும் இருந்துச்சு. விஷயத்தைச் சொல்லிட்டு, "வீட்டுக்கு வந்துராதீங்க சாமி"ன்னா. நான் போட்டது போட்டபடி கிளம்பி, செருப்பில்லாத காலோட வெயில்ல ஓடிக்கிட்டு இருந்தேன். பாதி வழியில நின்னுட்டேன். மாலை போட்டவன் அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது.

குருசாமிகிட்ட போனேன். "பதினாறு நாள் கழிச்சுத் தண்ணி ஊத்துற வரைக்கும் தீட்டுதான். ஒண்ணு வெளியில தங்குங்க, இல்ல மாலையைக் கழட்டுங்க. மண்டலம் முடிஞ்சு மலைக்கும் போயிட்டு வந்தாச்சு. ஐயப்பன் கோவிச்சுக்க மாட்டார் சாமி"ன்னார்.

ஐயப்பனுக்கா நான் பயப்படுறேன்?

காதர் பாய் கடையிலயே பாயைப் போட்டுக் குடுத்தார்.

மார்ச் 4, திங்கள்

ஓட்டல் சாப்பாடு. தாய்மாமன் குச்சுக் குடிசை கட்டணும்ல, இந்திராணி தம்பி ஒச்சப்பன் உசிலம்பட்டியில இருந்து தென்னங்கீத்தோட வந்து இறங்கியிருக்கான். வாசல்ல இடம் இல்லைன்னு மாடித் தகரக் கொட்டகைக்குள்ளயே கட்டியிருக்கான். நேரா கடைக்கு வந்து, "ஏன் மாமா, பெத்த அப்பன் பிள்ளை முகத்தைப் பார்க்க வேணாமா?"ன்னு கேட்டான்.

"மாலைடா"ன்னேன்.

"ஊரு உலகத்துல இல்லாத மாலை"ன்னான். அப்புறம் அவனே, "அதுவும் இருந்துட்டுத்தான் போகட்டும்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டான். எதுக்கு அப்படிச் சொன்னான்னு எனக்குத் தெரியும்.

மார்ச் 6, புதன்

மனசு கேக்கலை. மத்தியானம் வீட்டுக்குப் பின் சந்து வழியா போனேன். மாடிப்படி அந்தப் பக்கம்தான் இறங்குது. படிக்குக் கீழ நின்னு "அபி"ன்னு கூப்பிட்டேன். வெயில் மண்டையைப் பொளக்குது. தகரத்துக்கு அடியில பிள்ளை எப்படித்தான் இருக்கோன்னு நினைச்சேன்.

கைப்பிடிச் சுவருக்கு மேல தலை மட்டும் தெரிஞ்சுச்சு. வேர்த்து முடியெல்லாம் நெத்தியில ஒட்டியிருந்துச்சு. ரெண்டு மூணு நாள்ல எவ்வளவு பெரிய முகமாயிருச்சு.

"சாமி, இங்க வரக்கூடாது நீங்க."

"தெரியும் தாயி. சாப்ட்டியா?"

"உளுந்தங்களி. தினம் உளுந்தங்களி. நல்லெண்ணெய் வேற"ன்னு மூஞ்சியைச் சுளிச்சுச்சு. சிரிச்சேன். அதுவும் சிரிச்சுச்சு.

"வெக்கையா இருக்கா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. அப்பா மாலையைக் கழட்டிர்றேன். நீ கீழ வந்துரு, ரூமுக்குள்ள ஃபேனுக்கு அடியில இருந்துக்க. நானும் வீட்டுக்கு வந்துர்றேன்."

சிரிச்ச முகம் அப்படியே செத்துப்போச்சு. சுவரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "வேணாம் சாமி"ன்னுச்சு. "வேணாம். எனக்கு வெக்கையே இல்ல. நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"பதினாறு நாளும் இப்படியே இருப்பியா?"

"இருப்பேன். அதுக்கப்புறம் மாசாமாசமும் நான் இங்க வந்து இருந்துக்கிறேன் சாமி. அம்மா இருக்காங்கள்ல, அது மாதிரி. பழகிரும். நீங்க கழட்டாதீங்க."

நான் அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னேன்.

"சாமி... கழட்ட மாட்டீங்கள்ல?"

கும்பிட்டுக் கேக்குது. பதிமூணு வயசுப் பிள்ளை, உடம்பு வலியோட, தகரச் சூட்டுல நின்னுக்கிட்டு, என்னைக் கையெடுத்துக் கும்பிடுது. சாமியைக் கும்பிடுற மாதிரி இல்ல. அடிக்காதீங்கன்னு சொல்றவங்க கும்பிடுவாங்கள்ல, அப்படி.

நான் திரும்பி வந்துட்டேன். வழியெல்லாம் அழுதேன். ஒருத்தன் "என்ன சாமி, மலையில யாரும் தவறிட்டாங்களா?"ன்னு கேட்டான்.

மார்ச் 7, வியாழன்

நேத்து எழுதுனதைப் படிச்சுப் பார்த்தேன்.

பிள்ளைக்குப் பக்தின்னு நினைச்சிருந்தேன். எவ்வளவு பெரிய கூமுட்டை நான். அது கேட்டது மாலைக்காக இல்ல. மாலைக்குள்ள இருக்கிறவன் வெளிய வந்துரக்கூடாதுன்னு கேக்குது. வீட்டுக்குள்ள நான் நல்லவனா இருக்கிறதுக்கு அதுவும் அது ஆத்தாளும் வெளியில வெந்துக்கிட்டு இருக்கணும். இந்த ஏற்பாட்டுக்கு நான் வச்ச பேரு விரதம்.

இன்னைக்கு வேலை ஓடலை. போன வருசம் தையில நடந்ததை எழுதச் சொல்லி மேடம் எத்தனையோ தடவை சொல்லிட்டாங்க. அதை எழுத மாட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

மேடம்கிட்ட போனேன். எல்லாத்தையும் சொன்னேன். "கழட்டுனா குடிச்சிருவேன் மேடம். எனக்கு என்னைத் தெரியும்"ன்னேன்.

"காலையில பச்சைத்தண்ணியில குளிச்சது யாரு?"

"சாமி."

"குளிர்ல நடுங்குனது யாரு உடம்பு?"

"என் உடம்புதான்."

"அன்னைக்கு மாலை அறுந்தப்போ பாய் கையைப் பிடிச்சார். நீங்க உதறிட்டு ஓடலையே. கழுத்துல ஒண்ணும் இல்லாமத்தான திரும்பி வந்தீங்க? அது யாரு?"

நல்லது எது நடந்தாலும் சாமி கணக்கு, கெட்டது எது நடந்தாலும் என் கணக்குன்னு நானாத்தான் பிரிச்சு வச்சிருக்கேன். இத்தனை வருசமா அந்தப் பிரிவினையை யாரும் கேட்டது இல்ல.

அப்புறம் மேடம் சாதாரணமா பேசுனாங்க. கழட்டுன அன்னைக்கு எந்த ரோடு வழியா வீட்டுக்குப் போவீங்க, கையில எவ்வளவு காசு வச்சிருப்பீங்க, ஆசை வந்தா முதல்ல யாருக்குப் போன் பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். கடைசியா, "அன்னைக்குச் சாயங்காலம் வீட்ல உங்ககூட யார் இருப்பாங்க?"ன்னாங்க. மாலை கழட்டுன எந்தச் சாயங்காலமும் எங்க வீட்ல ஆள் இருந்தது இல்ல.

மார்ச் 9, சனி

இந்திராணிக்குப் போன் பண்ணேன். "நாளைக்குக் காலையில கழட்டுறேன். பிள்ளையைக் கீழ இறக்கு. இனிமே நீயும் மேல போக வேணாம்."

"சரி"ன்னா. சந்தோசப்பட்டிருப்பா.

மார்ச் 10, ஞாயிறு

காலையில குருசாமி கழட்டுனார். கழுத்து லேசா, ஏதோ உடம்புல துணி இல்லாத மாதிரி இருந்துச்சு. சலூனுக்குப் போயி தாடியை எடுத்தேன். கண்ணாடியில அவன் இருந்தான். எனக்கே பிடிக்கலை அந்த மூஞ்சியை.

மேடம்கிட்ட சொன்ன ரோட்லயே வந்தேன். வீடு பூட்டிக் கிடந்துச்சு.

ராசாத்தி அக்கா சாவியைக் குடுத்தாங்க. "ஒச்சப்பன் விடியமுன்னயே கார் கொண்டு வந்துட்டான்ப்பா. தண்ணி ஊத்துறதை அங்கயே வச்சுக்கிறாங்களாம்"ன்னாங்க. என் மூஞ்சியைப் பார்க்காம சொன்னாங்க.

மாடிக்குப் போனேன். கொட்டகையில குச்சு பிரிச்சுக் கிடந்துச்சு. உள்ள நின்னு பார்த்தேன். நின்ன கொஞ்ச நேரத்துல சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. இதுக்குள்ள இருந்துக்கிட்டுத்தான் வெக்கையே இல்லைன்னு சொல்லியிருக்கு.

கீழ இறங்குனேன். அந்த நினைப்பு வந்துச்சு. மறைக்காம எழுதுறேன். 'உனக்காகவாடா கழட்டுன? அவங்களுக்காகக் கழட்டுன. அவங்களே ஓடிட்டாங்க. எப்படியும் யாரும் நம்பப்போறது இல்ல. நம்பாதவங்களுக்கு நல்லவனா இருந்து என்ன பிரயோசனம்?' பாண்டித்துரை போன் பண்ணுனான், "கழட்டிட்டியாமே"ன்னு. ஊருக்குள்ள சேதி எப்படித்தான் பறக்குமோ.

மேடத்துக்குப் போன் பண்ணேன். ஞாயித்துக்கிழமை, சர்ச்சுல இருப்பாங்க போல, எடுக்கலை. காதர் பாய்க்குப் பண்ணேன்.

"பாய், கடை திறப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை எவன்யா கடை திறப்பான்?"

"வீட்ல யாரும் இல்ல பாய்"ன்னேன்.

"வர்றேன். வாசல்ல நில்லு, எங்கயும் போகாத"ன்னார்.

ரெண்டு பேரும் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வேலை பார்த்தோம். ஒரு காயில் தப்பாப் போச்சு, பிரிச்சுத் திரும்பச் சுத்துனேன். பாய் ஒரு வார்த்தை புத்தி சொல்லலை. வீட்ல இருந்து வந்த பிரியாணியைப் பாதி பிரிச்சு வச்சார், நாலு மாசம் ஆகப்போகுது கறி தின்னு. பொழுது இறங்குனதும் அவரே பைக்ல வீட்டு வாசல்வரைக்கும் கொண்டாந்து விட்டார்.

குடிக்கலை. குடிக்கலைன்னு சொல்ல வீட்ல ஆள்தான் இல்ல.

மார்ச் 12, செவ்வாய்

இந்திராணிக்குப் போன் பண்ணேன். "நான் குடிக்கலை"ன்னேன். "சரி"ன்னா. சனிக்கிழமை சொன்ன அதே 'சரி'. அதை நான் சந்தோசம்னு எழுதி வச்சிருக்கேன்.

மார்ச் 14, வியாழன்

இன்னைக்கு ரொம்பக் கஷ்டம். ரெண்டு தடவை ரோடு மாத்தி நடந்தேன். மேடம்கிட்ட போன்ல அழுதேன். வேற ஒண்ணும் எழுத முடியலை.

மார்ச் 17, ஞாயிறு

உசிலம்பட்டிக்குப் போயிட்டு வந்தேன். அபிக்குத் தண்ணி ஊத்துற நாள்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில போனேன். பந்தல்ல ஒச்சப்பன் "வாங்க மாமா"ன்னு கையைப் பிடிச்சான். பிடிச்ச சாக்குல முகத்தைக் கிட்ட கொண்டு வந்தான். மோந்து பார்க்கிறான். நானும் வாயை நல்லாத் திறந்து "நல்லா இருக்கியா ஒச்சப்பா"ன்னேன். அவனுக்கு வெக்கமாப் போச்சு. எனக்கு வெக்கப்பட ஒண்ணும் மிச்சம் இல்ல.

தண்ணி ஊத்தி, மாமன் சீர்ச் சேலை கட்டிக் கூட்டிட்டு வந்தாங்க. அபியை எனக்கு அடையாளம் தெரியலை. எல்லார் கால்லயும் விழுந்து எந்திரிச்சு வந்துச்சு. என் முன்னாடி வந்ததும் நின்னுருச்சு. இந்திராணி மெதுவா, "அப்பா கால்ல விழு"ன்னா. அது விழலை. கழுத்தைப் பார்த்துச்சு, அப்புறம் ஒரு அடி பின்னாடி போச்சு. பந்தலே பார்க்குது. "இருக்கட்டும் விடு"ன்னு விபூதியை எடுத்து இந்திராணி கையில குடுத்தேன். அவதான் பூசிவிட்டா.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு, பின்னாடி தோப்புல ஆம்பளைங்க கூடுனாய்ங்க. விசேசம்னா இல்லாம இருக்குமா? இந்திராணியோட சித்தப்பா மகன் ஒருத்தன் வந்து தோள்ல கை போட்டான். "வாங்க மச்சான். மாலைதான் கழட்டியாச்சுல்ல. மக பெரிய மனுசி ஆனதுக்குக்கூட ஒரு கட்டிங் இல்லையா?"

நாக்கு ஊறுச்சு. அபி ஒரு அடி பின்னாடி போனது கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. எப்படியும் அது கிட்ட வரப்போறது இல்லன்னு ஒரு குரல். வந்துட்டியா, வா, உன்னைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்னு அந்தச் சொல்லுகிட்டயே மனசுக்குள்ள சொன்னேன். நான் பாட்டுக்கு எந்திரிச்சு சமையக்கட்டுப் பக்கம் போயி, பாத்திரம் கழுவுற பொம்பளைங்க பக்கத்துல உக்காந்து அண்டாவைத் தேய்க்க ஆரம்பிச்சுட்டேன். "அய்யய்யோ, பொண்ணோட அப்பா, எந்திரிங்க"ன்னு சத்தம் போட்டாங்க. எந்திரிக்கலை. சாயங்காலம் வரைக்கும் கையில கரியும் புளியுமா அங்கயேதான் இருந்தேன்.

கடைசி அண்டாவைக் கவுத்துட்டு நிமிந்தா, நேர் எதிர்ல அபி நிக்குது. எப்ப வந்துச்சுன்னு தெரியலை. சீர்ச் சேலையை மாத்திட்டு பாவாடை தாவணியில இருந்துச்சு.

இந்திராணி பஸ்ஸுக்கு வழி அனுப்ப வந்தா. அபியும் அவ பின்னாடியே வந்துச்சு. "பரிச்சை முடியுற வரைக்கும் இங்கயே இருக்கோம். இவளை ஸ்கூலுக்குத் தம்பி பஸ்ல கூட்டிட்டுப் போயிட்டு வருவான்"ன்னா இந்திராணி. "அப்புறம்?"னு கேட்டேன். "அப்புறம் பார்ப்போம்"ன்னா. சரின்னேன். வா, வந்துருன்னு சொல்ல வாய் வரலை. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?

பஸ் வந்துருச்சு. படியில கால் வைக்கப் போறேன், அபி பேசுச்சு. இன்னைக்கு முழுக்க என்கிட்ட பேசுன முதல் பேச்சு.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வருவீங்களா?"

"வர்றேன் தாயி. காலையில முதல் பஸ்ஸுக்கே வந்துர்றேன்."

"காலையில வேணாம்"ன்னுச்சு. தரையைப் பார்த்துக்கிட்டே, "சாயங்காலமா வாங்க. பொழுது இறங்குனதுக்கு அப்புறம் வாங்க."

இந்திராணி பதறிப்போயி, "ஏன்டி, அப்பாகிட்ட இப்படியா பேசுறது"ன்னா.

நான்தான் அவளைத் தடுத்தேன். பிள்ளை சரியாத்தான் கேக்குது. காலையில நான் எந்த வருசமும் நல்ல அப்பன்தான். அதுக்குப் பார்க்க வேண்டியது என் சாயங்காலத்தை.

"சாயங்காலம் வர்றேன்"ன்னேன்.